ஜீப்பில் பதினேழு பேர்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். துணி காயவில்லை. ஈரச் சட்டையோடு ஏலக்காய் ஸ்டோருக்கு. எட்டு மூட்டை சலித்து ரகம் பிரித்தோம். பில் அடித்தேன். பிறகு சும்மா. கணிதப் பட்டதாரிக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான் கணக்கு.

கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒரே கூச்சல். இருபதாம் தேதி போடியில் வகுப்புச் சந்திப்பு. யார் யார் என்ன ஆனோம் என்று நக்கலாக ஒரு செய்தித்தாள் அடிக்க வேண்டுமாம். எழுதுவது நான். "நீதான்டா வெட்டியா இருக்க."

இதுவரை:

சுரேஷ் - கணிதத்தில் ஏழு அரியர். இப்போது தேனியில் கணித டியூஷன் சென்டர். வாசல் பிளெக்ஸில் கன்னத்தில் கைவைத்து யோசிக்கிறான். பரீட்சை ஹாலிலும் இப்படித்தான் யோசித்தான்.

செந்தில் - பிட் அடித்து இரண்டு முறை பிடிபட்டவன். இப்போது போலீஸ். மலையடிவாரச் சோதனைச் சாவடியில் அடுத்தவன் பையைத் துழாவுகிறான்.

ராஜேஸ்வரி - தங்கப் பதக்கம். திருப்பூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். போனில் கேட்டேன். "மெடலா? பிள்ளைக்குப் பல்லு மொளைக்குதுன்னு கடிக்கக் குடுத்திருக்கேன். நல்லாக் கடிக்கிறான்." சிரித்தோம். வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்ன வீடு அது. கல்யாணப் பத்திரிகையில் மட்டும் பட்டத்தைக் கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

ஜூலை 10, வியாழன்

சாரல் விட்டது. காற்று. இன்று பாண்டி.

இரண்டாம் வருடம், டவுன் பஸ்சில் நெரிசல் என்று பஸ் முன்னால் படுத்துப் போராடியவன். "நாங்க மனுசங்களா, புளி மூட்டையா?" அவன் கத்த, நாங்களும் கத்தினோம். இப்போது மூன்று ஜீப் அவனுக்கு. எங்கள் ஊர் சிலமலையில் பெண்களை ஏற்றி, போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலத்தோட்டத்தில் கொண்டுபோய் இறக்குகிறான். தினமும் போகிறவர்களில் ஒருத்தி என் அம்மா.

காலை ஐந்துக்குப் போய் எண்ணினேன். டிரைவரோடு பதினேழு. இரண்டு பேர் பின்படியில் தொங்கல். அம்மா மடியில் சோத்து வாளி, அதன்மேல் பாதி இன்னொருத்தி. மலைப்பாதையில் வளைவும் பதினேழு. ஆளுக்கு ஒன்று.

எழுதியது: "பாண்டி - அன்று புளி மூட்டைக்கு எதிராகப் போராட்டம். இன்று அதிலேயே மொத்த வியாபாரம். ஜீப்புக்குப் பதினேழு மூட்டை."

குழுவில் போட்டேன். சிரிப்பு முகங்கள் குவிந்தன. பாண்டியும் ஒன்று போட்டான்.

ஜூலை 11, வெள்ளி

மழை. ஸ்டோருக்குக் கிளம்பும்போது அம்மா நனைந்து திரும்பி வந்தாள். சோத்து வாளி திறக்காமல்.

"ஒன் கூட்டாளி போலீசுதான். ஒம்பது பேருக்கு மேல எறங்குங்கன்னான். பின்னாடி இருந்த நாங்க எறங்குனோம். ஜீப்பு போயிருச்சு."

"நாளைக்கு பாண்டி ரெண்டு ஜீப்பு விட்டுத்தானம்மா ஆகணும்?"

"விடுவான், விடுவான்." தலைத்துண்டைப் பிழிந்தாள். "அவன ஏசி எழுதுன. எறங்குனது யாரு?"

செந்திலுக்குப் போன் போட்டேன். "நீதானடா எண்ணிக்கையோட போட்ட? அத்தன பேரு பாத்துட்டாங்க. நாளைக்கு அந்த ஜீப்புக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் சட்டையத்தான கழட்டுவாங்க?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல்.

ஜூலை 12, சனி

அம்மாவை இன்றும் ஏற்றவில்லை. திங்கட்கிழமையும் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம். காய் எடுப்பு ஆரம்பிக்கிற நேரம். இப்போது விட்டால் இந்த வருடத்துக்கே வேலை இல்லை.

பாண்டியின் ஷெட்டுக்குப் போனேன்.

"வாங்க எழுத்தாளரே! டீ சொல்லவா மாப்ளே?"

"அம்மாவ ஏன் ஏத்தல?"

"நீதான சட்டம் பேசுன? ஒம்பது பேருக்குத்தான் எடம். அத்தை பத்தாவதா வந்தாக."

"மூணு ஜீப்பு வச்சிருக்கேல்ல?"

"தோட்டக்காரரு ஒரு ஜீப்புக்குத்தான் வாடகை தர்றாரு. அவர எழுது பாப்போம். தைரியமிருந்தா எழுது." சிரிக்கவில்லை அவன். "அந்த ரெண்டு வரிய எடுத்துரு. திங்கக்கெழமை பழையபடி எல்லாரையும் ஏத்துறேன். வரி இல்லைன்னா செந்திலுக்குக் கண்ணு தெரியாது."

அந்தத் தோட்டக்காரரின் மகனும் எங்கள் வகுப்புதான். சந்திப்புக்கு மண்டபம், சாப்பாடு எல்லாம் அவன் செலவு. அவனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று எடுத்துப் பார்த்தேன். "எவ்வளவு உயர்ந்தாலும் அதே நல்ல மனசு." நான் எழுதியதுதான். யாரும் கேட்கக்கூட இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். துணிகள் காய்ந்தன. முடி வெட்டினேன்.

வரியை எடுத்துவிட்டேன். புதியது: "பாண்டி - போக்குவரத்துத் துறையில் சாதனை." வரிசையாகக் கைதட்டல்கள். ராஜேஸ்வரி மட்டும், "முன்ன போட்டதுதான் நல்லாருந்துச்சு" என்று போட்டு, உடனே அழித்துவிட்டாள்.

அம்மாவிடம் சொன்னேன். வாளியைக் கழுவி வைத்தாள்.

ஜூலை 14, திங்கள்

காலை ஐந்து. மலை தெரியாத அளவுக்கு மேகம். அம்மாவோடு நானும் போனேன்.

ஜீப் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. எண்ணக் கூடாது என்று நினைத்தபடியே எண்ணினேன். டிரைவரோடு பதினேழு. இறக்கிவிட்ட பெண்கள் எல்லாரும், கூடவே புதிதாக ஒருத்தியும், முந்தி வந்து ஏறிவிட்டார்கள்.

"எடமில்லண்ணே" என்றான் டிரைவர். "நாளைக்கு வெரசா வரச் சொல்லுங்க."

பாண்டி போனை எடுக்கவில்லை. வண்டி உறுமியது. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, இன்னுங் கொஞ்சம் நெருக்கி உக்காருங்க. ஒரே ஒரு ஆளுதான்."

நெருக்கினார்கள். அம்மாவைத் தூக்கி ஏற்றினேன். வண்டி நகரும்போது அவளுடைய ஒரு கால் வெளியேதான்.