மடியில் அடங்கிய கிட்டார்

உத்தமபாளையம், 1936 ஐப்பசி, வெள்ளி.

மூட்டுவாதம் வந்தபின் என் பெரிய கிட்டாரின் கம்பிகளை அழுத்த முடிவதில்லை. கான்வென்டில் கற்ற வாசிப்பு அதோடு போயிற்று என்றே நினைத்திருந்தேன். இன்று ராவுத்தரின் பழைய சாமான் கடையில் ஒரு சின்ன கிட்டார் இருந்தது. சீமைக்குத் திரும்பிய எஸ்டேட் துரை விற்றுவிட்டுப் போனதாம்.

“பொம்மை வீணை, ஆத்தா. பேத்திக்கா?” என்றார் ராவுத்தர்.

“எனக்குத்தான்.”

“அப்ப இங்கன தெனம் கச்சேரிதான்!”

நான் சிரிக்கவில்லை. ஒரு விதவை கடையில் உட்கார்ந்து வாசிப்பதைத் தெருவே பார்க்கும் என்று தெரிந்தும் முக்காலியில் உட்கார்ந்தேன். கிட்டாரின் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சுருதி சேர்த்தேன். கிட்டார் மடியில் அடங்கியது. தோளைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. கம்பிகள் விரல் பதிக்கும் கட்டையை ஒட்டியே ஓடின. பல்லைக் கடித்துக்கொண்டு மோதிர விரலை அழுத்தினேன். வலிக்கவில்லை. நாதம் சுத்தமாக எழுந்தது. நம்பாமல் மறுபடி அழுத்தினேன். அதே நாதம். பிறகு ஒரு பாட்டு முழுவதையும் வாசித்தேன்.

“ஆத்தா, நெசமாவே வாசிக்கிறீகளே!” என்றார் ராவுத்தர். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துக் கிட்டாரை வாங்கிக்கொண்டேன்.

எழுதுவதை நிறுத்தி நிறுத்தி இடது கையைப் பார்க்கிறேன். விரல் நுனிகளில் கம்பியின் கறுப்புத் தடம். இன்று கழுவாமலே படுக்கப்போகிறேன்.