பத்தாவது ஆள்

அக்கா,

இல்லை, அப்பாவுக்கான ஜெபத்தை இன்னும் யாரும் சொல்லவில்லை. அவர் இறந்து ஒரு வாரமாகிறது. அந்த ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டுமாம். இந்தத் தோல்கிடங்கின் நிலவறையில் எங்களோடு ஒளிந்திருக்கும் ஆண்கள் ஒன்பது பேர்தான்.

“நான் பத்தாவது,” என்றேன்.

“பொம்பளப் புள்ளைய கணக்குல சேக்க முடியாதும்மா,” என்றார் லேசர் மாமா.

“வெளிய தேடுற ஜெர்மன்காரன் என்னையும் யூதக் கணக்குலதானே சேக்கிறான், மாமா?”

“வாயாடி! மெதுவாப் பேசு.”

மெதுவாகத்தான் பேசினேன். இங்கே கோபத்தைக்கூடக் கிசுகிசுக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் பத்தாவது ஆணுக்காகக் காத்திருக்கிறார்கள். மேல்கதவைத் திறந்துகொண்டு இனி எந்த யூதர் வரப்போகிறார்?

இன்று அவர்கள் வழக்கமான மாலை ஜெபத்துக்கு எழுந்தபோது நானும் எழுந்தேன். அப்பாவுக்கான ஜெபத்தை முதலிலிருந்து கடைசிவரை நானே சொன்னேன்.

உன் தங்கை