தவறி எழுந்தவள்

அன்புள்ள க்ளியோபஸ்,

இங்கே எல்லோரும் நலம். நம் தென்கரை வளைகுடாவில் புயல் என்று செய்தியில் சொன்னார்கள். எண்ணெய்க் கிணற்று மேடையில் ஜாக்கிரதையாக இரு. உன் அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை.

போனில் சொன்னால் நடுவில் மறித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். நம் வாக்குச்சாவடியைத் தேவாலயக் கூடத்திலிருந்து ஷெரிஃபின் போலீஸ் அலுவலகத்துக்கு மாற்றப் பார்க்கிறார்கள். நம் கறுப்பு ஜனம் எத்தனை பேர் துணிந்து அந்த வாசலை மிதிப்பார்கள்? அதுதான் அவர்களுக்கும் வேண்டும். செவ்வாய்க்கிழமை மாவட்டத் தேர்தல் குழு கூடியது. நான் அரசுப் பள்ளிச் சமையலறையில் சம்பளம் வாங்குகிறவள். வாய் திறக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். அப்படித்தான் போனேன்.

தலைவர் ஹாஸ்கெல், பொதுமக்கள் யாரும் பேசக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்போது நம் எர்லீன், ஞாயிறு வழிபாட்டில் ஆட்களை உட்காரவைக்கும் அதே வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறையோடு நடுவில் வந்து நின்று உள்ளங்கையை மேலே தூக்கினாள். அந்தக் கை உயர்ந்தால் சபை எழ வேண்டும். சின்ன வயதிலிருந்து அப்படித்தானே நமக்கு? கூட்டமே எழுந்தது. என் உடம்பும் தானாக எழுந்துவிட்டது. ஹாஸ்கெல் பக்கத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த நம் சபை மினர்வாகூடப் பேனாவோடு எழுந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஹாஸ்கெல் முகம் சிவந்து, "எல்லாரும் உட்காருங்க" என்றார். எர்லீன், "நாங்க ஒண்ணும் பேசலையே ஐயா, சும்மாதானே நிக்கிறோம்" என்றாள். என் சம்பளம் நினைவுக்கு வந்தது, க்ளியோ. ஆனாலும் உட்காரவில்லை. யாரும் உட்காராததால் ஹாஸ்கெல் முடிவெடுக்காமலே கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சமையலறை மேலாளர் கூப்பிட்டு, "தெரியாம எழுந்துட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா, வேலை தப்பிச்சிடும்" என்றார். மாதக் கடைசி வரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், தெரியாமல்தான் எழுந்தேன். ஆனால் உட்காரச் சொன்ன பிறகு தெரிந்துதான் நின்றேன். அதற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

உன் ஒருவன் சம்பளத்தில் வீடு நடக்குமா என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கர்த்தர் உன்னைக் கடலிலும் என்னைக் கரையிலும் காக்கட்டும். இதைப் படித்துவிட்டு நீ கூப்பிடும்போது என்ன வேண்டுமானாலும் திட்டு. மன்னிப்புக் கேள் என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேன்.

உன்
லொர்வெட்டா