விழுந்துகொண்டே இருப்பது

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் மகள் வாயாடி சில நாளாக வாயே திறப்பதில்லை. காரணம் நீதான்.

கட்டடத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடிக்கப் பயமாக இல்லையா என்று அவள் போனில் கேட்டதற்கு, "அப்பா சாட்டிலைட் மாதிரிடா, விழவே மாட்டேன்" என்றாயாம். பெருமையாக வகுப்பில் போய்ச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் சிரித்துவிட்டு, "சாட்டிலைட் விழாம இல்லம்மா, எந்நேரமும் விழுந்துகிட்டேதான் இருக்கு" என்றாராம். வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "அத்தை, அப்பா விழுந்துகிட்டே இருக்காரா?" அண்ணி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

நான் டிவிக்கு டிஷ் மாட்டும் கடையில் வேலை பார்க்கிறவள்தான். மாடிகளில் நாங்கள் வைக்கும் டிஷ் எல்லாம் சாட்டிலைட் இருக்கும் ஒரே பக்கம் பார்த்து அசையாமல் நிற்கும். அதனால் சாட்டிலைட்டையும் ஆணியடித்து மாட்டியிருப்பதாகவே நினைத்திருந்தேன். டீச்சரிடமே போய்க் கேட்டேன். பூமி அதை இழுத்துக்கொண்டேதான் இருக்கிறதாம். ஆனால் அது நொடிக்கு மூன்று கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓடுகிறது. அது எவ்வளவு விழுகிறதோ, உருண்டையான தரையும் அவ்வளவு வளைந்து விலகிவிடுகிறது. விழுகிறது, தரையைத் தொடுவதில்லை. பூமியும் கூடவே சுற்றுவதால் நமக்கு நிற்கிற மாதிரி தெரிகிறது.

உனக்கு அந்த ஓட்டம் எங்கே இருக்கிறது அண்ணா? ஒரு பலகையில் தொங்குகிறாய். கீழே சிமெண்டுத் தரை. அது யாருக்கும் விலகாது. உன் கூட்டாளி கட்டையனுக்கு விலகியதா? அவன் விழுந்து செத்த இடத்தைக் கழுவிவிட்டு, மதியமே வேலையைத் தொடங்கச் சொன்னவன்தானே உன் கான்ட்ராக்டர்? சோதனைக்கு ஆள் வந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிவிடுகிறான். போட்டோ எடுத்ததும் பிடுங்கிப் பூட்டுகிறான். பெல்ட் தேய்ந்தால் புதிது வாங்க வேண்டும், ஆள் போனால் வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். இதையும் நீ சிரித்துக்கொண்டே சொல்கிறாய். அதுதான் எனக்கு ஆத்திரம்.

பெல்ட் கேட்டால் வேலையை விட்டு அனுப்பிவிடுவான் என்கிறாய். அனுப்பட்டும். நான் சம்பாதிக்கிறேன், அண்ணி தையலுக்குப் போகத் தயார். இங்கே யாரும் உன்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டோம்.

அப்பா சாட்டிலைட் இல்லை, மனுஷன், பெல்ட் போட்டால்தான் விழாமல் இருப்பார் என்று வாயாடியிடம் சொல்லிவிட்டேன். "அப்ப போட்டிருக்காரா?" என்றாள். நீயே சொல். பொய் கலக்காமல் சொல்ல முடிகிற அன்றைக்கு அவளைக் கூப்பிடு. அதுவரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

நல்லபடியாக இரு. நடந்து வீடு வந்து சேர்.

உன் தங்கை