பொக்காயிக்கு இரண்டாம் சாட்சி

முத்தாரம்மன் துணை
தூத்துக்குடி
9-11-1947

மகன் வீரபாகுவுக்கு அம்மா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். மருமகளும் பேத்தி பேபியும் சுகமா? அகராதி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தவன் ஆடிக்குப் பிறகு ஒரு காகிதம் போடவில்லை. இப்போது அகராதிக்கு ஊர்ச்சொல் வேணும் என்றதும் அம்மா ஞாபகம் வந்து எழுதியிருக்கிறாய். இருக்கட்டும்.

ஒரு சொல் இருக்கிறது. பொக்காயி. இருபது வருசம் முன்னே, முத்துக்குளிப்பில் ஏலம் எடுத்த சிப்பியைக் கொட்டகையில் கீறிக்கொண்டிருந்தோம். முத்தில்லாத ஒன்றைத் தூக்கி, "எம்மா, இந்தா ஒரு பொக்காயி!" என்றாள் உன் தங்கச்சி வடிவு. ஒன்பது வயசு. உள்ளே பருப்பில்லாத பொக்குக் கடலையை நினைத்துத் தானே கட்டின பேர். மறுநாள் கொட்டகை முழுக்க அதே பேச்சு. அந்த வாரமே வாந்திபேதி அவளைக் கொண்டுபோயிற்று. ஒரு போட்டோகூட இல்லாத பிள்ளை. அவள் சொல்லையாவது அகராதியில் ஏற்றிவிடு.

அம்மா
சீனித்தாய்

சென்னை
21-11-1947

அன்புள்ள அம்மாவுக்கு வீரபாகு வணக்கம்.

எழுதாமலிருந்தது என் தப்புதான். வடிவின் சொல்லை எங்கள் ஆபீஸ் பெரியவரிடம் காட்டினேன். ரசித்தார். ஆனால் புத்தகத்தில் அச்சேறாத சொல்லுக்கு இரண்டு வீட்டார் சாட்சி வேண்டுமாம். 'நாங்கள் பேசிய சொல்' என்று சீட்டில் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும். நான் ஆபீஸ் ஆள், என் சாட்சி செல்லாது. சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் 'ப' எழுத்து அச்சுக்குப் போய்விடும். கொட்டகையில் முத்துக்கனி சித்தியும் இருந்தார்களே? பழசை மறந்து ஒரு நடை போய் வாருங்கள், அம்மா.

தங்கள் மகன்
வீரபாகு

தூத்துக்குடி
2-12-1947

வீரபாகுவுக்கு,

கொட்டகையில் இருந்தவர்களில் மாசானம் பெஞ்சாதி செத்துப்போனாள். பிச்சம்மாள் கொழும்புக்குப் போய்ப் பதினாலு வருசம், தகவலில்லை. மிச்சம் உன் சித்தி ஒருத்திதான்.

பழசு என்கிறாய். செவ்வாய்க்கிழமை, உச்சிப்பொழுது. வடிவுக்குக் கைகால் இழுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வில்வண்டி கேட்டு உன் சித்தி வாசலில் நின்றேன். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விழுந்த சத்தம். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். என் கால் அந்த வாசலை மிதிக்காது.

சீனித்தாய்

தூத்துக்குடி
8-1-1948

மகன் வீரபாகுவுக்கு,

மிதித்தேன். சீட்டை மடியில் கட்டிக்கொண்டு நேற்றுப் போனேன். முத்துக்கனி கட்டிலோடு கிடக்கிறாள். என்னைக் கண்டதும், "வாங்கக்கா, இருவது வருசமா வழி தெரியலையாக்கும்?" என்றாள்.

"வழி தெரியும்ளா. கதவுதான் அடச்சிருந்துது."

சீட்டைப் படித்துக் காட்டினேன். "ஆமா, பொக்காயி. சிரிச்சிக்கிட்டேல்லா சொல்லுவா பிள்ள," என்று கண்ணைத் துடைத்தாள். பெருவிரலில் மையும் தடவியாயிற்று. அப்புறம் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் வீட்டுல இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எம் பிள்ளைக காதுல விழட்டும். வச்சிருதேன்," என்றாள்.

மகன்களும் மருமகள்களும் சுற்றி நின்றார்கள். வாயைத் திறந்தேன். வடிவுக்காகச் சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தேன்.

"நீ இருந்த," என்றேன்.

அவள் விரலைச் சேலையில் துடைத்துவிட்டாள்.

சீட்டை அனுப்பியிருக்கிறேன். என் கையெழுத்து மட்டும் இருக்கிறது. எனக்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொல்ல ஆள் கிடையாது. அது தெரிந்தேதான் எழுந்து வந்தேன். பொங்கலுக்கு வந்தால் இதைப் பற்றிப் பேசாதே. பேசுவதானால் வராதே.

சீனித்தாய்