ஆணியில் தொங்கிய சாவி

அன்புள்ள அப்பாவுக்கு,

கூட்டம் நடக்கும் அறையின் சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஆறு மாதம் குடியைத் தொடாமல் இருப்பவரிடம்தான் அதைக் கொடுப்பார்கள் என்று சொல்லி, வாங்கிய அன்று தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினீர்கள்.

மறந்திருப்பீர்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் பீரோவைப் பூட்டினாள்.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். ஒன்பது பேர் வாசலில் நின்றிருந்தார்கள். யாரும் உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பூட்டைத் திறக்கப் போனேன். தையல்கார மாமா தடுத்தார்.

“எந்த நிலையில வந்தாலும் உங்கப்பாதான் திறக்கணும்மா. அவர் போடுற டீ கழுநீர் மாதிரிதான் இருக்கும். ஆனா அதைக் குடிக்காம எங்களுக்குப் பேச்சு வராது.”

நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று அவருக்குத் தெரியுமாம். அவரும் ஒருமுறை சாவியை வீட்டில் வைத்துவிட்டு அங்கேதான் போனாராம். இந்தக் கடிதத்தையும் சாவியையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

நான் எதுவும் கேட்க மாட்டேன், அப்பா. படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. மற்ற எட்டுப் பேரும் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள்.

உங்கள் மூத்த மகள்