பின்னால் நின்றவள்

மார்ச் 2

என் ஊமைக்கோட்டானுக்கு,

போனை எடுக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாய். அதனால்தான் கடிதம். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகிற வழியில் நம் சலவைக்கூடத்து வாசலில் கொடுத்துவிடுவார். பிரித்துப் படிக்கமாட்டார். என் கையெழுத்து அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம். அறுந்த குதிகால் நரம்பை இழுத்துப் பிடித்துத் தைத்திருக்கிறார்கள். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக் கூரையைப் பார்த்துக் கிடக்கிறேன். குளியலறைக்குப் பதினொரு தத்தல். அதற்கே நாக்குத் தள்ளுகிறது.

பஸ் நிற்கும் இடத்தில் நான் செய்தது தப்பு. குதிகாலில் யாரோ ஓங்கி உதைத்த மாதிரி இருந்தது. திரும்பினேன். நீ நின்றாய். அறைந்துவிட்டேன். அறைந்த கையையே உன் தோளில் போட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கும் வந்தேன். கட்டுப் போடும்வரை கூட இருந்தாய். அதற்கப்புறம் ஆளையே காணோம்.

போர்வை மடிக்க உன் எதிர்முனையை இப்போது யார் பிடிக்கிறார்கள்?

உன் அவசரக்குடுக்கை


ஏப்ரல் 9

அடி கல்நெஞ்சக்காரி,

மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. வீட்டுக்காரரைக் கேட்டால், "வாங்கிக்கிட்டாங்க, மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரியல" என்கிறார். உன் மூஞ்சியில் எப்போது என்ன தெரிந்தது?

கட்டுப் பிரித்து, முழங்கால்வரை ஒரு பூட்ஸ் மாட்டியிருக்கிறார்கள். குதிகாலைத் தூக்கி நிறுத்த அடியில் நாலு ஆப்பு. நாள் கணக்கு வைத்து ஒவ்வொன்றாக உருவினார்கள். ஒவ்வொரு தடவையும் தையல் விட்டுவிடுமோ என்று உயிர் போய் உயிர் வந்தது. பூட்ஸுக்குள் கெண்டைக்கால் சதை வற்றிப்போய்விட்டது. என் காலைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "இந்த நரம்பு அறுந்தா எல்லாருமே அப்படித்தாங்க சொல்லுவாங்க, யாரோ உதைச்சாங்கன்னு. பின்னாடி வெறும் செவுரு இருந்தாலும் திரும்பிப் பாத்துத் திட்டுவாங்க." கேட்டாயா? என் புத்தி இல்லை, நரம்பின் வேலை. இனியாவது மன்னித்துவிடு.

நடக்கும்போது மட்டும் இரண்டு அடிக்கு ஒருதரம் தலை பின்னால் போகிறது. "யாரும் இல்லம்மா, முன்னால பாருங்க" என்று அவளும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

உன் அவசரக்குடுக்கை


ஏப்ரல் 20

அன்புள்ள தோழிக்கு,

நலமே. கால் தேறிவருவது அறிந்து நிம்மதி.

நீ அறைந்தது வலிக்கவில்லை. அறையும்போது ஒன்று சொன்னாய். அதை ஒரு கடிதத்திலும் எழுதவில்லை, மறந்துவிட்டாயா, மறைக்கிறாயா என்று தெரியவில்லை. "வயித்தெரிச்சலை இப்படியாடி தீத்துக்குவ?" என்றாய். பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள்.

அன்று காலையில்தான் உன்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். எனக்கு உன்னைவிட மூன்று வருஷம் சர்வீஸ் கூடுதல். மத்தியானம் எல்லோருக்கும் டீ வாங்கி உன்னை வாழ்த்தியது நான்தான். மனசாரத்தான் வாங்கினேன்.

உதைத்த மாதிரி இருந்தது நரம்பின் வேலை, சரி. உதைத்தது ஏன் என்று உனக்குச் சொன்னதும் நரம்புதானா? பதினாறு வருஷம் போர்வையின் இரண்டு முனையையும் பிடித்து எதிரும் புதிருமாய் நின்றோம். அதற்கப்புறமும் அந்த நொடியில் உனக்கு அதுதானே தோன்றியது?

களைப்பாக இருக்கிறது. இனி எழுதவேண்டாம்.

இப்படிக்கு,
உன் தோழி


மே 3

ஊமைக்கோட்டானுக்கு,

எழுதவேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும்.

மறக்கவில்லை. மறைத்தேன். ஏன் அது தோன்றியது என்று பன்னிரண்டு நாளாக யோசித்தேன். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி இறக்குகிறேன், முப்பது தடவை. அந்த நேரம் முழுக்க இந்த ஒரே யோசனைதான்.

அந்தப் பதவி உனக்குப் போயிருந்தால் நான் டீ வாங்கியிருக்கமாட்டேன். தலைவலி என்று சீக்கிரம் கிளம்பியிருப்பேன். பஸ்ஸுக்கு உன் பின்னால் நின்றிருந்தால் உதைக்கத் தோன்றியிருக்கும். எனக்குள் இருந்ததை உன் காலில் மாட்டிவிட்டேன். அவ்வளவுதான்.

பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் பார்த்தேன். அதுவும் உன்னிடம் நல்ல பேர் வாங்கும் வேலை என்று பட்டது. கொடுக்கவில்லை.

ஜூன் பத்தாம் தேதி வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸிலிருந்து கூடம்வரை தனியாக நடக்கவேண்டும். பயமாக இருக்கிறது.

அவசரக்குடுக்கை


ஜூன் 8

அவசரக்குடுக்கைக்கு,

உன் கடிதத்தை ஒரு மாசம் பையிலேயே வைத்திருந்தேன். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

எதிர்முனை பிடிக்க யார் யாரையோ அனுப்பினார்கள். ஒருத்திக்கும் ஓரம் சேர்க்க வரவில்லை. மடித்ததையே திரும்ப மடித்து எனக்குத் தோள் விட்டுப்போயிற்று.

பத்தாம் தேதி காலையில் பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன். கை பிடிக்கமாட்டேன், நீயாகத்தான் நடக்கவேண்டும். நான் உன் பின்னால் வருவேன்.

திரும்பிப் பார்க்காமல் நட.

ஊமைக்கோட்டான்